மோசேக்கு ஏன் தேர் இல்லை?

அன்புள்ள ஐயா,
பண்டாரவளைப் பக்கத் தோட்டமொன்றில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பத்துக் கட்டளை படிப்பித்த அன்று ஒரு பையன் எழும்பி, "டீச்சர், அந்தோனியாருக்குத் தேர் இழுக்கிறோம், மோசேக்கு ஏன் இல்ல? அவர் புனிதர் இல்லையா?" என்று கேட்டுவிட்டான். அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பி வந்திருக்கிறேன்.
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்கு ஒரு டொபி கொடுங்கள்.

மோசே புனிதர்தான். கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் அவருக்கு செப்டெம்பர் 4 என்று நாளே இருக்கிறது. ஆபிரகாமுக்கு ஒக்டோபர் 9, தாவீதுக்கு டிசெம்பர் 29. ஆனால் உங்கள் கோயிலில் தொங்கும் கலண்டரில் தேடினால் கிடைக்காது. தகுதி குறைவென்று இல்லை. மோசேக்குத் தெரிந்த கல்லறை இல்லை, அவ்வளவுதான்.

புனிதர் விழா என்ற வழக்கமே கல்லறையில் தொடங்கியது. ரோமர் காலத்தில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் குழிமேட்டில், அவர்கள் செத்த நாளில், வருடா வருடம் சனம் கூடிச் செபித்தது. 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா ஆயர் பொலிக்கார்ப்பை எரித்தபோது, மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் செய்ததையும், அங்கேயே கூடி அவர் நாளைக் கொண்டாட எண்ணியதையும் அவருடைய சபையாரே கடிதமாக எழுதிவைத்திருக்கிறார்கள். மோசேயின் கதை வேறு. விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் கடைசி அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள்: மோவாபு நாட்டுப் பள்ளத்தாக்கில் அடக்கம், இடம் எதுவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. எங்கே போய் மெழுகுதிரி கொளுத்துவது?

இயேசுவுக்கு முந்தியவர்களில் மக்கபே காலத்தில் யூத விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஏழு சகோதரர்களுக்கும் தாய்க்கும் மட்டும் 1969 வரை ரோமை நாட்காட்டியில் ஓகஸ்ட் 1 நினைவுநாளாக இருந்தது. அவர்கள் கல்லறை அந்தியோக்கியாவில் இருப்பதாகச் சனம் நம்பியிருந்தது!

பாப்பரசர் புனிதர் பட்டம் கொடுப்பதெல்லாம் பிந்திய ஏற்பாடு. பேதுருவுக்கு யார் கொடுத்தார்கள்? கண்டியில் 1711இல் இறந்த ஜோசப் வாஸ் அடிகளார்தான் 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, அந்தோனியார் கல்லறை இத்தாலியில், பாதுவாவில் அல்லவா இருக்கிறது என்று பையன் அடுத்துக் கேட்பான். எங்கள் தோட்டத்தில் பணிய லயத்துக்கு இறங்கும் முடக்கில் அவருக்கு ஒரு கெபி, அதாவது சின்னச் சிலைக்கூடு, இருந்தது. கண்ணாடி வெடித்து, குறுக்கே கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அப்பாயி கூடையை இறக்கிவைத்துத் திரி ஏற்றுவாள். ஞானஸ்நானம் பெற்றவள்கூட இல்லை. வீட்டில் முருகன் படம். தொலைந்த மூக்குத்தி கிடைத்ததிலிருந்து அப்படி. பாதுவா எந்தத் திசையிலென்று அவளுக்குத் தெரியாது. கல்லறைக்குப் பதிலாக அந்த முடக்கு போதுமாயிருந்தது. மூக்குத்தி தொலைந்தால் மோசேயிடம் யார் போகிறார்கள்?

கிழக்குத் திருச்சபைகளில் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டு முதுபெரும் தந்தையர் எல்லோரையும் சேர்த்தே நினைவுகூருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்கும் பையன் அடங்காமல் மோசேக்குத் தேர் கட்டியே தீருவேன் என்றால், கோயில் கமிட்டியிடம் அவனே போய்ப் பேசட்டும். நான் வரமாட்டேன்.