மாத்திரை போட்ட நாளில் விழுந்தானா, போடாத நாளிலா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஓரிடத்தில் நிற்க மாட்டான். போன வருடம் புளியமரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. அதன் பிறகு மதுரையில் மனநல மருத்துவரிடம் காட்டினோம். ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று சொல்லி மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை எழுதினார். பள்ளி நாட்களில் காலையில் கொடுத்தோம். மே மாத லீவில் நாங்களே நிறுத்திவிட்டோம். அந்த லீவின் கடைசி வாரம் கண்மாய்க் கரையிலிருந்து சைக்கிளோடு உருண்டு, மண்டையில் நான்கு தையல். அந்த மாத்திரையால்தான் தலைசுற்றி விழுகிறான் என்கிறார் என் மாமியார். மருந்துக் கடையிலும் சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இது போதை மாத்திரையா? மறுபடி கொடுக்கலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கை முறிந்தது மாத்திரை தொடங்குவதற்கு முன்பு. மண்டை உடைந்தது நிறுத்திய பிறகு. சாதாரண மாத்திரையின் வேலை நாலு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நீண்ட நேரம் நிற்கும் வகை என்றாலும் அன்றைய பொழுதோடு சரி. அப்படியென்றால் இரண்டு தடவையும் பையன் உடம்பில் அந்த மருந்தே இல்லை.

ஆனால் ஒரு பிள்ளை இரண்டு தடவை விழுந்ததை வைத்து, மருந்துதான் அவனைக் காத்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நிறையப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் பார்த்தார்கள். 2001 முதல் 2013 வரை இந்த மருந்து எழுதப்பட்ட, 6 முதல் 19 வயது வரையிலான 17,381 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்தார்கள். மருந்து சாப்பிடுகிறவர்களைச் சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். துறுதுறுப்பு அதிகமுள்ள பிள்ளைக்குத்தானே மருந்தே எழுதுகிறோம்? அதிகம் அடிபடுவதும் அதே பிள்ளைதான். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் அதே பிள்ளையோடு ஒப்பிட்டார்கள்: மருந்து இருந்த நாட்களில் எத்தனை முறை காயத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தான், இல்லாத நாட்களில் எத்தனை முறை?

2015-இல் வெளியான முடிவு இது: மருந்து இருந்த காலத்தில் காயத்தோடு வருவது 9 சதவீதம் குறைவு. 100 முறை வரவேண்டிய இடத்தில் 91 முறை. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து அவர்கள் செய்த சோதனை. காயம் தவிர்த்த மற்ற காரணங்களுக்காக வந்ததையும் எண்ணினார்கள். அதில் வித்தியாசமே இல்லை. மருந்து கொடுக்கும் காலத்தில் பெற்றோர் பொதுவாகவே ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் அதோடு பெருமளவு தீர்ந்தது.

9 சதவீதம் பெரிய கவசம் ஒன்றும் கிடையாது. மாத்திரை போட்ட பிள்ளையும் விழுவான். சைக்கிளுக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். கண்மாய்க்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

மாமியார் சொல்வதையும் தள்ளிவிட மாட்டேன். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்தால் தலைசுற்றல் வருவதுண்டு; பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் அதைவிட அதிகம். உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் மருத்துவர் அவ்வப்போது பார்க்க வேண்டும். மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலி என்றாலோ உடனே காட்டுங்கள். குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டைக் கடைக்காரர் வைத்துக்கொள்வது சட்டப்படிதான். தவறான கைக்குப் போனால் பழக்கமாகிவிடக்கூடிய மருந்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு. மருத்துவர் சொன்ன அளவில், உங்கள் கையால் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். மாத்திரை அட்டையை மட்டும் பூட்டி வையுங்கள்.

மறுபடி தொடங்குவதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்லட்டும்; லீவு நாளிலும் கொடுப்பதா என்பதை அவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக அவன் விழுந்தது லீவில்தானே. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக் காலண்டரில் மாத்திரை கொடுத்த நாளுக்கு ஒரு புள்ளி, விழுந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, எத்தனை மணிக்கு விழுந்தான் என்பதும். அடுத்த முறை போகும்போது அந்தக் காலண்டரையே கையில் எடுத்துப் போங்கள்.