சொல்லொணா – கடிதமும் பதிலும்

வணக்கம். ‘சொல்லொணாத் துயரம்’, ‘சொல்லெணாத் துயரம்’ என்று இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். எது சரி? ‘இனம்புரியாத’ என்பதும் இதுவும் ஒன்றுதானா? மகிழ்ச்சிக்கும் இச்சொல்லைப் போடலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

‘சொல்லொணா’தான் சரி. சொல்ல + ஒண்ணா. ஒண்ணா என்றால் இயலாத. ‘எண்ணற்ற’, ‘எண்ணிலடங்கா’ எல்லாம் காதில் ஒலித்துக்கொண்டிருப்பதால் கை தவறுகிறது போலும். ‘தாங்கொணா’விலும் இதே ஒண்ணாதான். சந்தேகம் வந்தால் ‘தாங்கெணா’ என்று எழுதிப் பாருங்கள், பிழை பளிச்சென்று தெரியும்.

இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது ‘சொல்லொணாத’ என்பதன் கடைசி ‘த’ கெட்டு நிற்கும் வடிவம். அதனால் க, ச, த, ப முன் வலி மிகும், அதாவது இடையில் ஒற்று வரும்: சொல்லொணாத் துயரம். ஈறு கெடாமல் ‘சொல்லொணாத’ என்று எழுதினால் மிகாது. இரண்டையும் கலந்து ‘சொல்லொணாதத் துயரம்’ என்பாரும் உண்டு!

‘இனம்புரியாத’ வேறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் தன் துயரம் இன்னதென்று நன்றாகவே தெரியும். அதன் அளவுதான் பேச்சில் அடங்கவில்லை. அது சொல்லொணாத் துயரம். காரணமில்லாமல் மனம் கனக்கிறது, அச்சமா ஏக்கமா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை என்றால் அது இனம்புரியாதது. ஆகவே ‘இனம்புரியாத உணர்வு’ என்றால் பொருந்துகிறது, ‘சொல்லொணா உணர்வு’ சப்பென்று இருக்கிறது. சொல்லொணாவுக்குப் பின்னால் உணர்வின் பெயர் வர வேண்டும்.

தொல்காப்பியப் பொருளியல் நாண், நோய், வேட்கை முதலான 12 சொற்களை அடுக்கி, அவை ‘நெஞ்சு கொளின் அல்லது காட்டலாகாப் பொருள’ என்கிறது. பெயர் இருக்கிறது, எடுத்துக் காட்டத்தான் முடியாது. அதே நூலின் மெய்ப்பாட்டியலோ அழுகை பிறக்கும் இடங்களை இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (முன்னைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை என நான்காக வகுத்துவிடுகிறது. எழுதுகிறவருக்கு இது பெரிய உதவி. இழவா இளிவா என்று தெளிந்து அதை எழுதிவிட்டால், பாதி இடங்களில் சொல்லொணாவே தேவைப்படாது. போக்குவரத்து நெரிசலுக்கெல்லாம் ‘சொல்லொணாத் துயரம்’ போட்டுப் போட்டு அந்தச் சொல்லும் தேய்ந்துவிட்டது.

மகிழ்ச்சிக்குப் போட இலக்கணத் தடை ஏதுமில்லை. ஆனால் வழக்கு துயரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதால் வாசிப்பவர் ஒரு கணம் இடறுவார். நானாக இருந்தால் ‘சொல்லி மாளாத மகிழ்ச்சி’ என்பேன்.

அன்புடன்.