ஐஎல்-6: கேட்டவையும் பதில்களும்

இன்டர்லூகின்-6, சுருக்கமாக ஐஎல்-6, பற்றி மட்டும் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் போட்டு "எனக்கு என்ன வியாதி" என்று கேட்டால் பதில் வராது. அது உங்களைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரின் வேலை.

நெல்லைக்காரன்: மேடம், ஐஎல்-6 நல்லதா கெட்டதா?

தந்தி நல்லதா கெட்டதா என்று கேட்பது மாதிரி இருக்கிறது. கிருமி நுழைந்தாலோ திசு அடிபட்டாலோ செல்கள் அனுப்பும் சேதி அது. 184 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். 1986-ல் ஒசாகாவில் ஹிரானோ, கிஷிமோட்டோ குழு இதன் மரபணுவைப் பிடித்தபோது, பி செல்களை ஆன்டிபாடி சுரக்க வைக்கும் பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆய்வகங்கள் "கல்லீரலைத் தூண்டுவது", "இன்டர்ஃபெரான் பீட்டா-2" என்று வேறு வேறு பெயரில் துரத்தியதும் இதே ஆளைத்தான். போய்ச் சேரும் இடத்துக்கு ஒரு வேலை: கல்லீரலில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்), மூளையில் காய்ச்சல், எலும்பு மஜ்ஜையில் தட்டணுக்கள்.

எம்எஸ்சி மாணவன்: கிளாசிக், டிரான்ஸ் சிக்னலிங் வித்தியாசம்?

தம்பி, ஐஎல்-6-க்கான ஏற்பி, அதாவது சேதியை வாங்கும் புரதம், முக்கியமாகக் கல்லீரல் செல்களிலும் சில வெள்ளையணுக்களிலும்தான் உண்டு. கூட நின்று சேதியை உள்ளே கடத்தும் ஜிபி130 என்ற புரதம் கிட்டத்தட்ட எல்லாச் செல்களிலும் உண்டு. செல்மேல் இருக்கும் ஏற்பியில் ஐஎல்-6 அமர்ந்து ஜிபி130-ஐ இழுத்தால் கிளாசிக். ஏற்பி செல்லிலிருந்து வெட்டுப்பட்டு ரத்தத்தில் மிதக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டு, சொந்த ஏற்பி இல்லாத செல்லின் ஜிபி130-ஐத் தட்டினால் டிரான்ஸ். இரண்டிலும் செல்லுக்குள்ளே சேதி ஓடுவது ஜாக்1, ஸ்டாட்3 என்ற புரதங்களின் பாதையில்தான். முடக்குவாத மூட்டில் இரண்டாவது வழியாகத்தான் மூட்டு உறைச் செல்கள் உசுப்பப்படுகின்றன. அங்கிருந்து எலும்பை அரிக்கும் செல்கள் வரை போகிறது. "கிளாசிக் நல்லது, டிரான்ஸ் கெட்டது" என்று பரீட்சையில் எழுதலாம், மார்க் வரும். உடம்பில் கோடு அவ்வளவு நேராக இல்லை. ஐஎல்-6 ஏற்பியை அடைக்கும் முடக்குவாத மருந்தான டோசிலிசுமாப் ஊசியும் இரண்டையும் சேர்த்தே அடைக்கிறது.

சேலம் வாசகி: முழு உடல் பரிசோதனையில் ஐஎல்-6 12 என்று வந்திருக்கிறது. 7-க்குள் இருக்கணுமாம். பயமாக இருக்கு.

பயப்பட வேண்டாம். சளி, உடல் பருமன், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, எதிலும் அந்த அளவு ஏறும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்தாலும் குழாய்க்குள்ளேயே மதிப்பு மாறலாம். ஒரு லேபின் கிட் மாதிரி இன்னொரு லேபின் கிட் காட்டாது. நோயில்லாதவருக்கு இந்தப் பரிசோதனை வெட்டிச் செலவு. சந்தேகம் இருந்தால் சிஆர்பி போதும்: மலிவு, நிலையானது.

இயற்கை விரும்பி: மஞ்சள் பால் ஐஎல்-6-ஐக் குறைக்குமா?

ஆய்வகத் தட்டில் குறைக்கும். குடலோ மஞ்சளில் உள்ள குர்குமினை உள்ளே விடுவதே அபூர்வம். பால் பிடித்தால் குடியுங்கள்.

மூட்டுவலிக்காரி: டோசிலிசுமாப் போட்ட பிறகு ஐஎல்-6 30-லிருந்து 400 ஆகிவிட்டது! சிஆர்பி மட்டும் நார்மல். மருந்து வேலை செய்யலையா?

செய்கிறது. ஊசி அடைப்பது ஏற்பியை, ஐஎல்-6-ஐ அல்ல. ஏற்பி வழியாகத்தான் அது ரத்தத்திலிருந்து கழியும். கதவு பூட்டியதால் வாசலில் கூட்டம் தேங்கியிருக்கிறது. இனி அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

முக்கியமானது உங்கள் சிஆர்பி. கல்லீரலுக்குச் சேதி போகாததால் அது எப்போதும் தாழ்ந்தே இருக்கும், நிமோனியா வந்தாலும்கூட. காய்ச்சலும் அடங்கித் தெரியலாம். எங்கே போனாலும், பல் டாக்டரிடம்கூட, இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லுங்கள். வயிற்றுவலி நீடித்தால், குறிப்பாக ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அன்றே போங்கள். குடலில் ஓட்டை விழும் ஆபத்து சிறியது, ஆனால் உண்மையானது. வெள்ளையணு, தட்டணு, கல்லீரல் என்சைம், கொழுப்பு ஆகியவற்றை டாக்டர் சொன்ன இடைவெளியில் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர், உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரையும் பார்க்க வேண்டும்: அழற்சி அமுக்கி வைத்திருந்த கல்லீரல் என்சைம்கள் மறுபடி எழுந்து மருந்தை வேகமாகக் கரைக்கும்.

ஓசூர் முருகன்: முடக்குவாதம். ஹீமோகுளோபின் 9, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) 400. ஆறு மாதமாக இரும்பு மாத்திரை, பலனில்லை.

ஐஎல்-6 கல்லீரலை ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் இரும்பு வெளியேறும் வாசலை மூடுகிறது. கிடங்கு நிறைய இரும்பு, மஜ்ஜைக்குப் போகாது. மாத்திரையைக் குடலும் உள்ளே விடாது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். நோய் அடங்கினால்தான் ரத்தம் ஏறும்.

வாதாடி: கோவிடில் சைட்டோகைன் புயல் என்றார்கள். ஐஎல்-6-ஐ அடைத்தும் எல்லாரும் பிழைக்கவில்லையே. வியாபாரம்தானே?

சைட்டோகைன் என்றால் ஐஎல்-6 மாதிரிச் சேதிப் புரதங்கள். அவை கட்டுக்கடங்காமல் பெருகுவதைப் புயல் என்றார்கள். அந்தச் சொல்தான் கோளாறு. கார்-டி செல் எனும் புற்றுநோய் சிகிச்சையில் வரும் புயலில் ஐஎல்-6 ஆயிரக்கணக்கில் போகும். தீவிர கோவிடில் பெரும்பாலும் பத்துகளிலும் சில நூறுகளிலும்தான் இருந்தது.

வாதாடி: அப்போ நான் சொன்னது சரி!

பாதி. 2021-ல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் 4,116 பேர். ரத்த ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே அல்லது செயற்கை ஆக்சிஜனில், சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராமோ மேலோ. 28 நாளில் மரணம் டோசிலிசுமாபுடன் 31 சதவீதம், இல்லாமல் 35. நூறு பேரில் நால்வர் கூடுதலாகப் பிழைத்தார்கள். பெரும்பாலோர் ஸ்டீராய்டும் எடுத்தவர்கள்.

கோவை நர்ஸ்: நாலு பேருக்காகவா அத்தனை அலைச்சல்?

அந்த நால்வரில் ஒருவர் உங்கள் வார்டில் படுத்திருந்தால் கேட்க மாட்டீர்கள். தவறு மருந்தில் இல்லை. ஆக்சிஜனே தேவைப்படாதவருக்கு ஐஎல்-6 எண்ணைக் காட்டி எழுதித் தந்ததில். அந்த ஆய்வில் ஆளைத் தேர்ந்தது சிஆர்பியையும் ஆக்சிஜனையும் வைத்து. ஐஎல்-6 எண்ணை வைத்து அல்ல.

வாதாடி: ஆனாலும்...

போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

டயட் பிரியன்: இஞ்சி, பூண்டு, மஞ்சள்...

மேலே பாருங்கள்.

நடைப் பிரியர்: உடற்பயிற்சியிலும் ஐஎல்-6 ஏறுமாமே, நடையை நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். சுருங்கும் தசையே அதைச் சுரக்கிறது, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 2019-ல் டென்மார்க் ஆய்வில், வயிறு பருத்தவர்கள் 12 வாரம் சைக்கிள் மிதித்தார்கள். வயிற்றுக்குள் கொழுப்பு கரைந்தது. டோசிலிசுமாப் போட்டவர்களுக்குக் கரையவில்லை.

தஞ்சை வாசகர்: அம்மாவின் ஊசியைத் தெரியாமல் ஃப்ரீசரில் வைத்துவிட்டோம்.

அதைப் போடாதீர்கள். உறைந்த புரதம் உருகினாலும் பழையபடி ஆகாது. 2 முதல் 8 டிகிரி, ஃப்ரிட்ஜ் நடுத்தட்டு. புதுச் சிரிஞ்சைப் போடுமுன் அரை மணி வெளியில் வையுங்கள், வெந்நீரில் அல்ல.