மருந்தடிக்கும் பெண்களும் உங்கள் கூட்டமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து பேர், கல்லூரியில் படிப்பவர்கள், சிகாமட் பக்கம் ஒரு தோட்டப்புற ஊரில் வளர்ந்தவர்கள். பெண்களின் சம உரிமை, இனப்பெருக்க உரிமை பற்றி எங்கள் ஊர்ப் பெண்களிடம் பேசலாம் என்று ஒரு குழு தொடங்கினோம். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தோட்ட மண்டபத்தில் முதல் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டோம், ஏழு பேர் வந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் வந்து, "இதெல்லாம் வெள்ளைக்காரன் பேச்சு, குடும்பத்தைக் கெடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கருக்கலைப்பு எப்படியும் சட்டவிரோதம்தானே, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்கிறார்கள் தோழிகள். இங்குள்ள பெண்களுக்கு விழிப்புணர்வே இல்லை. தலைவர் போன்றவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

க., சிகாமட்

அன்புள்ள க,

இந்த வயதில் ஐந்து பேர் சேர்ந்து மண்டபம் கேட்டு வாங்கி, நாற்காலி போட்டு, எதிர்ப்பு வந்த பிறகும் அடுத்த கூட்டத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். மனம் நிறைந்தது. தோட்டத்துப் பெண்களின் உடலைப் பற்றிச் சில மாதங்களாகவே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததால் இப்போதே எழுதுகிறேன்.

தலைவருக்குப் பதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெள்ளைக்காரன் பேச்சு என்று மறுபடியும் சொன்னால் ராசம்மா பூபாலன் பெயரைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாப் பெண் அவர். அவர்தான் 1960-களில் ஆசிரியைகளைத் திரட்டிச் சம சம்பளத்துக்குப் போராடினார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

கருக்கலைப்புப் பகுதியை எடுக்காதீர்கள். ஆனால் சட்டத்தைச் சரியாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு 1989-இல் திருத்தப்பட்டது. கர்ப்பத்தைத் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ ஏற்படும் ஆபத்து, கலைப்பதால் வரும் ஆபத்தைவிட அதிகம் என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் அவர் கலைக்கலாம். கேட்டவுடன் கிடைப்பதும் இல்லை, முழுக்கத் தடையும் இல்லை. உங்கள் தோழிகள் சொல்வதுபோல் "சட்டவிரோதம்" என்று பொதுவாகப் பரப்பிவிட்டால், உதவி கிடைக்கக்கூடிய பெண் மருத்துவரிடம் வாய் திறக்காமல் இணையத்தில் மாத்திரை வாங்குவாள். அங்கே விற்பவை இங்கே பதிவு பெறாதவை, போலியும் கலந்தவை. அப்படி எடுத்த பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெரிய பேட் நனைகிற அளவுக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் ரத்தம் போனால், அல்லது ஒரு பக்க அடிவயிற்று வலியோடு தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால், யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கூட்டத்தில் வேறு எதை விட்டாலும் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கர்ப்பத்தடை மாத்திரைக்கும் ஊசிக்கும் கணவன் கையெழுத்து வேண்டும் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அவசரக் கருத்தடை மாத்திரை மருந்தகத்தில் மருந்தாளுநரிடமே கிடைக்கும், டாக்டர் சீட்டு தேவையில்லை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும்.

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். "இங்குள்ள பெண்களுக்கு விழிப்புணர்வே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. ஆறு நாள் வேலை செய்த பெண் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கே இருப்பாள்? சந்தைக்குப் போய் வந்து, அடுப்பில் கறியை ஏற்றிவிட்டு, வாரத்துத் துணியை அலசிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் கூட்டம் வைத்தது நீங்கள். அவள் வராததற்கு அவளைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

நேரத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இனப்பெருக்க உரிமை என்று நீங்கள் எழுதியதில் மாத்திரை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தேர்வு செய்யும் உரிமை இருக்கிறது. மருந்து பம்பு மட்டும் இல்லை. செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்ணை விட்டுவிட்டுக் கருப்பையைப் பற்றி எப்படிப் பேச முடியும்?

அந்த வேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதுகில் மாட்டும் பம்பு பதினைந்து பதினாறு லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் கிட்டத்தட்ட இருபது கிலோ. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால், குனிந்து நிமிரும்போதெல்லாம் கரைசல் கசிந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். நனைந்த துணி மதியம் வரை உடம்போடு ஒட்டியிருக்கும். தெளிக்கும் முனை (நாசில்) அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதிச் சரிசெய்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு பழைய பல்துலக்கியைக் கூடவே எடுத்துப் போனால் அதற்குத் தேவையே இல்லை. எதிர்க்காற்றில் அடித்தால் சாரல் முகத்துக்கு வரும். கையுறை போட்டாலும், கையை உயர்த்தி அடிக்கும்போது கரைசல் வழிந்து உறைக்குள்ளேயே போய்விடும். அதனால் உயர்த்தி அடிக்கும்போது உறையின் வாயை மடித்துவிட வேண்டும்.

இதில் பெண்ணுக்கென்று தனியாக வரும் கேடு ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. வேலைக்காட்டில் கழிவறை கிடையாது. அதனால் காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, மாதவிடாய் நாளில் மரத்தின் பின்னால் மருந்துக் கையோடு பேட் மாற்றுகிறார்கள். கையைக் கழுவ வேண்டியது போய்வந்த பிறகு மட்டுமில்லை, போவதற்கு முன்னாலும்தான்! ஆளுக்கு ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் தனியாக எடுத்துப் போகச் சொல்லுங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன் குளித்துவிட வேண்டும்.

மருந்துகளின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனகானித்தா என்ற உரிமை அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப் போய் அவர்களுடைய கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், நகம் கழன்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்தது. 2002-இல் அரசு தடை அறிவித்தது. 2006-இல் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் தேதிதான் தடை முழுதாக நடப்புக்கு வந்தது. அதைப் பார்க்க ஐரின் இல்லை, 2014-இலேயே இறந்துவிட்டார். அந்தத் தடைக்கு அடித்தளம் போட்டது, விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்று நீங்கள் சொல்லும் அதே பெண்கள் கொடுத்த சாட்சியம்தான்.

பாராகுவாட் போன இடத்தில் வந்த மருந்துகளில் ஒன்று குளுபோசினேட். கருவுறும் திறனைக் கெடுக்கக்கூடியது, வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்ற சந்தேகமும் உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே அதன் அனுமதி 2018-இல் முடிந்துவிட்டது. இங்கே டப்பாவில் இருக்கும் நிறப்பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பட்டை, மருந்து உடனடியாக ஆளை எவ்வளவு பாதிக்கும் என்பதைத்தான் காட்டும். வருஷக்கணக்கில் கருப்பைக்கு என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. அதற்குத் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் பகுதியில் எச் 360 (H360) அல்லது எச் 361 (H361) என்று இருந்தால் இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று பொருள். இதைப் பார்த்துச் சொல்லும் வேலை படித்த உங்களுக்கு. மருந்தின் பெயரைக் கேட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள், லேபிளைப் படம் பிடித்து வாருங்கள். குத்தகைக்காரர் வேறு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் அதுவே முதல் புகார்.

இரசாயன ஆபத்து மதிப்பீடு செய்து வைத்திருப்பது முதலாளியின் கடமை. வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் ஜேகேகேபி அலுவலகத்தில் அதைக் குறிப்பிட்டுப் புகார் எழுதலாம். கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் இந்த வேலையிலிருந்து மாற்ற மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். ஆனால் எட்டு வாரம் வரைக்கும் பெண்ணுக்கே சந்தேகம்தான் இருக்கும், அதற்குள் எத்தனை பம்பு சுமந்திருப்பாள்? அதனால் கர்ப்பம் உறுதியான பிறகு மாற்றினால் போதும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். நல்ல பம்பு, மாற்று உடுப்பு, கழுவத் தண்ணீர் எல்லாருக்கும், எல்லா நாளும் வேண்டும்.

மகப்பேறு விடுப்பு 2023 முதல் 98 நாள். பேற்றுப் படி கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் அதே முதலாளியிடம் மொத்தம் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். குத்தகைக்காரர் நடுவில் கம்பெனிப் பெயரை மாற்றினால் அங்கேதான் கணக்கு அறுந்துபோகும். சம்பளச் சீட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுப் பேர் பதிவு, வாட்சாப் செய்தி எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை மண்டபம் வேண்டாம். வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு, வாசலில் கொஞ்சம் உட்காரும் நாலு மணி, நாலரை மணிக்கு ஒரு வீட்டு வாசலில் நாலு பேரோடு உட்காருங்கள். நீங்கள் பேசுவதைவிட அவர்களைக் கேட்பது அதிகமாக இருக்கட்டும். குறிப்பேட்டில் தேதி, மருந்து, எத்தனை பம்பு, உடம்புக்கு என்ன செய்தது, மாதவிடாய் தள்ளியதா என்று எழுதுங்கள். பெயரை எழுதாதீர்கள். படம் எடுத்து பேஸ்புக்கில் போடவே கூடாது. மறுநாள் பெரட்டில் அந்த அக்காவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள், நீங்கள் கல்லூரிக்குப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்தில் இன்று மருந்தடிப்பவர்களில் இந்தோனேசியப் பெண்களும் இருப்பார்கள். அவர்களுடைய பாடு நம் பெண்களைவிட மோசம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான போமிமா மருத்துவச் சோதனையில் கர்ப்பம் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அவள் கிளினிக் பக்கமே போவதில்லை, வலியை மறைக்கிறாள். "எங்கள் ஊர்ப் பெண்கள்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். ஒரே வரிசையில் ஒரே பம்பைச் சுமப்பவளை விட்டுவிட்டு எந்த உரிமையைக் கேட்கப் போகிறீர்கள்? உங்கள் ஐந்து பேரில் மலாய் நன்றாகப் பேசுகிறவர் முதலில் அவர்களிடம் போகட்டும்.

லேபிள் படங்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். தரவுத் தாள்களைச் சேர்ந்து பார்த்து, எந்த மருந்தைப் பற்றி முதலில் புகார் எழுதுவது என்று முடிவு செய்வோம்.