ஓடோரியில் தங்கலாமா? – கடிதம்

வணக்கம். ஜப்பானின் சப்போரோ நகரம் பற்றிய உங்கள் குறிப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிப்ரவரியில் பனி விழாவுக்கு நாங்கள் இருவரும் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, குளிரென்றால் பயம் வேறு. சப்போரோ ரயில் நிலையத்தின் அருகே தங்குவதா, ஓடோரி சுரங்க ரயில் நிலையத்தின் அருகேயா? ஓடோரியில் பூங்காவைத் தவிர அம்மாவுக்குப் பார்க்க ஏதாவது உண்டா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஓடோரியிலேயே தங்குங்கள். பனி விழா நடப்பதே அந்த நிலையத்தின் தலைக்கு மேல்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் உடனே அறைக்குத் திரும்பிவிடலாம்.

குளிர் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் நடுப்பகலிலேயே பல நாள் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தரைக்கடியில் இன்னொரு ஊரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். 1972 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்னால், 1971 டிசம்பரில் அங்கே முதல் சுரங்க ரயில் ஓடியது. (ரப்பர் டயரில் ஓடும் ரயில். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவார்.) அதற்கு ஒரு மாதம் முன்பே நிலத்தடிக் கடைத்தெருக்கள் இரண்டைத் திறந்துவிட்டார்கள். அரோரா டவுன் கிழக்கே டிவி கோபுரம் வரை போகிறது, போல் டவுன் தெற்கே சுசுகினோ என்ற கேளிக்கைப் பகுதி வரை. 2011-இல் வடக்கே சப்போரோ நிலையம் வரைக்கும் 520 மீட்டர் நடைபாதை சேர்ந்தது. அகலமான பாதை, வழியில் உட்கார இடமும் உண்டு. மேலே பனி கொட்டினாலும் அம்மா கீழே நிதானமாக நடந்து போகலாம். மருய் இமாய், மிட்சுகோஷி என்ற பெரிய பல்பொருள் அங்காடிகள் இரண்டுக்கும் கீழிருந்தே நுழையலாம். அவற்றின் அடித்தள உணவுப் பகுதியை ஒரு சுற்று சுற்றினாலே பொழுது போய்விடும்.

டிவி கோபுரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓடோரி நிலையத்தின் 27-ஆம் எண் வெளிவாசல். டோக்கியோ கோபுரத்தை வடிவமைத்த அதே நைட்டோ தாச்சூ வடிவமைத்தது. சுமார் 90 மீட்டர் உயரத்தில் பார்வைத் தளம். மேற்கே ஒன்றரை கிலோமீட்டர் நீளும் பூங்காவும் பனிச் சிற்பங்களும் அங்கிருந்து தெரியும். அம்மாவுக்கு விழாவைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் கீழே இறங்கி, பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று சிற்பங்களை மட்டும் பார்த்தால் போதும்.

மணிக்கூண்டுக்கும் நடந்தே போகலாம். 1878-இல் விவசாயக் கல்லூரியின் பயிற்சிக் கூடமாகக் கட்டிய மரக் கட்டடம். கடிகாரம் பாஸ்டனிலிருந்து வந்தது, இன்றும் கையால்தான் சாவி கொடுக்கிறார்கள். சுற்றிலும் உயரமான கட்டடங்கள் எழுந்துவிட்டதால் "இவ்வளவுதானா" என்று ஜப்பானியர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்குப் பிடித்த இடம். மணி அடிக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

நிலையத்தில் கழிப்பறைகளுக்குக் காசு வாங்குவதில்லை, சுத்தமாகவும் இருக்கும். பெட்டி வைக்க நாணய லாக்கர் உண்டு, விழா நாளில் காலையிலேயே நிரம்பிவிடும். எல்லா வெளிவாசலிலும் லிஃப்ட் கிடையாது. விடுதிக்குப் பக்கத்தில் எந்த வாசலில் லிஃப்ட் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சூப் கறி, அதாவது மசாலா போட்ட தண்ணீர்க் குழம்பு, அந்த ஊர்ப் பெருமை. காய்கறி மட்டும் போட்டது என்றாலும் சாறு பெரும்பாலும் கோழியிலோ எலும்பிலோ காய்ச்சியது, கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வழுக்காத காலணியை அங்கேயே வாங்குங்கள். தெரு முனைகளில் வழுக்கலுக்குத் தூவப் பொடிக்கல் பைகள் வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். விழா நாட்களில் அறை கிடைப்பது சிரமம், அதை இன்றே பாருங்கள்.