பொண்ணு ஃபெலோஷிப்ல போறாளா? நாட்டைப் பாக்காதீங்க, லேபைப் பாருங்க

வணக்கம் சார். பொண்ணு பயோகெமிஸ்ட்ரில பிஎச்டி முடிக்கப் போறா, இத்தனை வருஷம் படிச்சதே போதும்னு நெனச்சா இப்போ போஸ்ட்டாக் ஃபெலோஷிப்னு, அதாவது பிஎச்டிக்கு அப்புறம் இன்னொரு லேப்ல ஆராய்ச்சி பண்றதுக்கு, வெளிநாடு கெளம்புறேங்கிறா, இது வேலையா படிப்பான்னு கேட்டிருந்தீங்க. மெடிக்கல் ரிசர்ச்ல இது வேலைதான் சார். ஃபீஸ் கிடையாது, பரீட்சை கிடையாது, மாசாமாசம் பணம் வரும், ஆனா பர்மனென்ட் இல்ல, ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சிரும். ஜப்பான்ல ஜேஎஸ்பிஎஸ்ங்கிற அரசு ஆராய்ச்சி அமைப்போட ஃபெலோவுக்கு 2024 கணக்குக்கு மாசம் 3,62,000 யென். ஒருத்தர் கௌரவமா இருக்கலாம், அதை வெச்சு ஊர்ல மனை வாங்கலாம்னெல்லாம் கணக்குப் போடாதீங்க.

நீங்க கேக்காத ஒண்ணுதான் எனக்கு முக்கியமாப் படுது. பணம் யார் பேர்ல வருது? லேப் நடத்துற புரொஃபசர் ஆராய்ச்சிக்குன்னு வாங்கின கிராண்ட் பணத்துலேர்ந்து சம்பளம் வந்தா அவர் சொல்ற வேலைதான் செய்யணும், அவருக்குக் கிராண்ட் நின்னா இவளுக்கும் நிக்கும். ஐரோப்பிய யூனியனோட மேரி கியூரி, ஐரோப்பாவோட மாலிக்யூலர் பயாலஜி அமைப்பான எம்போ, பல நாடுகள் சேந்து நடத்துற எச்எஃப்எஸ்பி, ஜெர்மனியோட ஹம்போல்ட் மாதிரி போட்டி போட்டு வாங்குறதெல்லாம் அவ எழுதின பிராஜெக்டுக்காக வர்ற பணம். கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ வேலைக்கு 2023ல நோபல் வாங்கின கத்தலின் கரிக்கோ இருக்காங்கல்ல, 1985ல ஹங்கேரிலேர்ந்து பிலடெல்ஃபியாவுக்குப் போஸ்ட்டாக்கா போனவங்க, காரை வித்த 900 பவுண்டை மகளோட கரடி பொம்மைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போனாங்க. அங்க வேற யுனிவர்சிட்டில ஆஃபர் வந்ததும் லேப் தலைவர் நாட்டை விட்டே அனுப்ப வெச்சிருவேன்னு மிரட்டினதா அவங்களே சொல்லியிருக்காங்க. சம்பளம், விசா ரெண்டும் ஒரே ஆள் கையில இருந்தா இதான் கதி. சொந்த ஃபெலோஷிப் இருந்தாலும் விசா என்னவோ யுனிவர்சிட்டியோடதான், ஆனா பேசுற குரல்ல ஒரு தெம்பு இருக்கும்.

சப்ஜெக்ட் மாத்துறாளேன்னு கவலைப்பட்டிருக்கீங்க. எச்எஃப்எஸ்பில மாத்தலைன்னாதான் பிரச்சனை, பிஎச்டில செஞ்சதையே தொடர்றேன்னு எழுதினா எடுக்கவே மாட்டாங்க. நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிஎச்டி வாங்கினது பிசிக்ஸ்ல. அதுக்கப்புறம் பயாலஜிக்கு வந்து, அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில போஸ்ட்டாக் முடிச்சு, வேலைல சேந்து பல வருஷம் கழிச்சு 1991ல குகன்ஹைம் ஃபெலோஷிப்ல கேம்பிரிட்ஜ் போய், மூலக்கூறோட வடிவத்தை எக்ஸ்ரே வெச்சுக் கண்டுபிடிக்கிற கிரிஸ்டலோகிராஃபி கத்துக்கிட்டார், அப்போ அவருக்கு வயசு 39. அந்தக் கைத்தொழிலை வெச்சுதான் 2000ல பாக்டீரியாவுல புரோட்டீன் செய்ற மெஷினான ரைபோசோம்ல 30எஸ்ங்கிற பகுதி எப்படி இருக்கு, சில ஆன்டிபயாட்டிக் அதுல எங்க போய் ஒட்டுதுன்னு காட்டினார், 2009ல நோபல். அதனால புதுசா ஒண்ணு கத்துக்கப் போறேன்னு பொண்ணு சொன்னா தடுக்காதீங்க.

இப்போ தேதி விஷயம், நல்ல பிள்ளைங்க கோட்டை விடுறது இங்கதான். எம்போவுக்கு பிஎச்டி முடிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், மேரி கியூரிக்கு எட்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, குழந்தைக்காக எடுத்த லீவை அந்த எட்டு வருஷக் கணக்குல சேக்க மாட்டாங்க, குடும்பம் இருந்தா தனி அலவன்ஸும் உண்டு, கல்யாணப் பேச்சை நீங்க எடுத்ததால சொல்றேன். ஆனா மேரி கியூரிக்கு, போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது, சும்மா இன்டர்ன்ஷிப்னு அதே நாட்டுல போய் உக்காந்துட்டா கதவு மூடிரும். அதுல மார்க் ரொம்பக் கம்மியா வாங்கினா அடுத்த வருஷம் அதே இடத்தோட சேந்து திரும்பப் போடவும் முடியாது, அதனால சும்மா போட்டுப் பாப்போம்ங்கிற வேலை வேண்டாம். மேரி கியூரிக்குக் கடைசி நாள் வழக்கமா செப்டம்பர்ல வரும், அப்போ மார்ச் ஏப்ரல்லயே லேப் புடிச்சிருக்கணும்.

லேப் புடிக்கிறது மெயில்லதான். ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ஹார்ட்வொர்க்கிங்னு நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பினா ஒருத்தரும் தொறக்க மாட்டாங்க. அவங்க கடைசியா போட்ட பேப்பர்ல மூணாவது படத்துல இந்தப் புரோட்டீன் ஏன் குறையுதுன்னு நீங்க விட்டிருக்கீங்க, என் கைல இந்த டெக்னிக் இருக்கு, இதை இப்படிப் பாக்கலாமான்னு பத்து வரி எழுதட்டும். பதில் வந்ததும் அந்த லேப்ல முன்னாடி இருந்த போஸ்ட்டாக் ரெண்டு பேரோட தனியா பேசச் சொல்லுங்க, அவங்க இப்போ எங்க இருக்காங்க, லீவ் கேட்டா தலைவர் மூஞ்சி எப்படிப் போச்சு, பேப்பர்ல பேர் ஒழுங்கா வந்துச்சா, இதெல்லாம் வெப்சைட்ல இருக்காது. அமெரிக்காவே வேணும்னு நின்னா, அங்க எஃப்32ங்கிற அரசாங்க ஃபெலோஷிப் சிட்டிசனுக்கும் கிரீன் கார்டுக்கும் மட்டும்தான், நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் லேப் பணத்துலதான் போகணும், அப்போ இந்த விசாரணை ரெண்டு மடங்கு வேணும்.

ஆமா, அந்த ஏஜென்ட் ஃபெலோஷிப் ப்ராசஸிங்னு பணம் கேட்டதா எழுதியிருந்தீங்களே, ஒத்த ரூபா குடுக்காதீங்க, நான் மேல சொன்ன எதுக்கும் அப்ளிகேஷன் ஃபீஸே கிடையாது. பொண்ணோட வைவா, அதாவது பிஎச்டி வாய்மொழித் தேர்வுத் தேதியும் அவ மனசுல வெச்சிருக்குற மூணு லேப் பேரும் அனுப்பச் சொல்லுங்க சார், எது எதுக்கு இன்னும் டைம் இருக்குன்னு பாத்துச் சொல்றேன்.