குரல் வாக்கெடுப்பில் யார் பெயரும் பதிவாவதில்லை

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் முறை பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

“மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது” என்று செய்தியில் சொல்கிறார்கள். குரலை யார் எண்ணுகிறார்கள்? – பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

யாரும் எண்ணுவதில்லை. ஆதரிப்போர் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்போர் ‘இல்லை’ என்பார்கள். எந்தப் பக்கம் ஓங்கியது என்று அவையை நடத்துபவர் காதால் கேட்டு அறிவிப்பார். அதை ஏற்காமல் ஓர் உறுப்பினர் எண்ணிப் பார்க்கக் கோரினால் பொத்தானை அழுத்தி வாக்களிக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு அவைக் குறிப்பில் ஏறும்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள், எதிர்க்கட்சிகள் எண்ணிக்கை கேட்டும், அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. கோடிக்கணக்கான உழவர்களைத் தொடும் சட்டத்தில் எந்த உறுப்பினர் எங்கே நின்றார் என்பதற்குப் பதிவு இல்லாமல் போனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அரசியலமைப்புத் திருத்தத்தில் இப்படிச் செய்ய வழியில்லை. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என இரண்டு கணக்கும் தேறவேண்டும். அதனால் எண்ணியே ஆகவேண்டும். 2023-இல் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம் மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது நமக்குத் தெரிவது அப்படித்தான்.

மாநிலங்களவை மறுத்துவிட்டால் மசோதாவின் கதி என்ன? – கல்லூரி மாணவர், நாகர்கோவில்

அது எந்த வகை மசோதா என்பதைப் பொறுத்தது. அரசியலமைப்புத் திருத்தம் என்றால் அங்கேயே முடிந்தது. சாதாரண மசோதா என்றால் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தைக் குடியரசுத் தலைவர் கூட்டலாம். மக்களவையில் 543 இடங்கள், மாநிலங்களவையில் 245 என்பதால் அங்கே மக்களவைப் பெரும்பான்மையின் கைதான் பெரும்பாலும் ஓங்கும். இதுவரை மூன்றே மசோதாக்களுக்காக இது நடந்திருக்கிறது: 1961-இல் வரதட்சிணைத் தடை, 1978-இல் வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002-இல் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்.

மூன்றாவது வகை, வரி, அரசின் வரவு செலவு போன்றவற்றை மட்டும் கையாளும் பண மசோதா. அதை மாநிலங்களவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்; பரிந்துரை சொல்லலாம், தடுக்க முடியாது. எது பண மசோதா என்று சான்றளிப்பவர் மக்களவைத் தலைவர். 2016-இல் ஆதார் மசோதா இப்படித்தான் சென்றது. 2018-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்றது; நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். என் மனம் அந்த ஒற்றைத் தீர்ப்பின் பக்கம்தான். மாநிலங்களின் அவையைச் சுற்றிக்கொண்டு போகும் வழியாக ஒரு சான்றிதழ் ஆகிவிடக் கூடாது.

ஊரே எதிர்த்த மசோதாவுக்கு எங்கள் எம்.பி. ஆதரவாக வாக்களித்தார். மனசாட்சி வேண்டாமா? – விவசாயி, திருவாரூர்

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கட்சிக் கொறடா உத்தரவிட்ட பிறகு மாறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் விலகி நின்றாலோ பதவி பறிபோகலாம். 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்தால் மட்டும் தப்பலாம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் சொல்வது இது. உறுப்பினர்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம், மசோதாவின் மீது சொந்தக் கருத்துள்ளவரையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிட்டது. ஆட்சியே கவிழக்கூடிய நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதிநிலை அறிக்கைக்கும் மட்டும் கொறடாவின் கட்டளை போதும் என்பது என் கருத்து.

அமைச்சர் அல்லாதவர் சட்டம் கொண்டு வர முடியுமா? – வாசகி, சேலம்

முடியும். அதற்குத் தனிநபர் மசோதா என்று பெயர். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுத்துக்கொள்வார்கள். சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-இல். ஆனாலும் வீண் என்று சொல்லமாட்டேன். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது தேறவில்லை. ஆனால் அதன் பிறகு அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டிவந்தது.

குடியரசுத் தலைவர் கையெழுத்திட மறுக்கலாமா? – வாசகர், மதுரை

சாதாரண மசோதாவை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். அவைகள் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தாக வேண்டும். 2006-இல் அப்துல் கலாம் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பினார், மறுமுறை வந்ததும் ஒப்பமிட்டார். 1986-இல் ஜெயில் சிங் அஞ்சல் மசோதாவைத் திருப்பவும் இல்லை, ஒப்பமிடவும் இல்லை.

இதில் எங்களைப் போன்றவர்கள் எங்கே நுழைவது? – ஓய்வுபெற்ற ஊழியர், கோவை

நிலைக்குழுவில். 1993-இல் தொடங்கிய துறைவாரி நிலைக்குழுக்கள் இப்போது 24 இருக்கின்றன. இரு அவைகளின் உறுப்பினர்களும், எல்லாக் கட்சியினரும் அங்கே மசோதாவைப் பிரிவு பிரிவாகப் படிக்கிறார்கள். கருத்துக் கேட்டு நாளிதழில் விளம்பரமும் தருகிறார்கள். ஒவ்வொரு மசோதாவையும் குழுவுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்ற விதி இல்லை என்பதுதான் குறை. ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் எழுதக் கேட்பது வழக்கம். தமிழில் எழுத உரிமை கேட்டு நாம் போராட வேண்டிய இடம் இது. எழுதும்போது உணர்ச்சியைக் குறைத்து, எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை எடுத்து எதை வைக்க வேண்டும், ஏன் என்று அரைப் பக்கத்தில் சொல்லுங்கள். அப்படி எழுதினால் குழுவில் உள்ள ஓர் உறுப்பினர் அதையே திருத்தமாக முன்மொழிய முடியும்.